ஊரறிந்த ரகசியம்: அமெரிக்கச் சிற்றூர்த் திகில் நாவல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவை பேய்க் கதைகளா, துப்பறியும் கதைகளா?

இரண்டும்தான். ஒரு சிற்றூரில் ஒருவர் கொல்லப்படுகிறார், அல்லது ஒரு குழந்தை காணாமல் போகிறது. உள்ளூர்க் காவல் அதிகாரியோ, நெடுங்காலம் கழித்து ஊர் திரும்பிய ஒருவரோ அதைத் தேடப் புறப்படுகிறார். தேடலின் பாதியில், சாட்சியங்களாலும் தடயங்களாலும் விளக்க முடியாத ஏதோ ஒன்று குறுக்கிடுகிறது. பேய்க் கதையை மட்டும் படிப்பவர் ‘அது என்ன’ என்று கேட்பார். துப்பறியும் கதையை மட்டும் படிப்பவர் ‘யார் செய்தது’ என்று கேட்பார். இந்த நாவல்களில் நல்லவை நம்மை வேறொரு கேள்வியைக் கேட்க வைக்கின்றன: இது யாருக்கெல்லாம் முன்பே தெரியும்? தமிழில் ‘ஊரறிந்த ரகசியம்’ என்கிறோமே, அந்தச் சொல்லைவிடப் பொருத்தமான பெயரை இந்த வகைக்குச் சூட்ட முடியாது என்று நினைக்கிறேன்.

கதை ஏன் எப்போதும் சிற்றூரிலேயே நடக்கிறது?

அமெரிக்கா என்றதும் நமக்கு நியூயார்க்கும் சிகாகோவும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்நாட்டில் சட்டப்படி ஊர் அல்லது நகரம் என்று பதிவு பெற்ற இடங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இடங்களில் 5,000 பேருக்கும் குறைவாகவே வாழ்கிறார்கள். ஒரு கடைத்தெரு, இரண்டு மூன்று தேவாலயங்கள், ஓர் உயர்நிலைப் பள்ளி, காலையில் எல்லோரும் காபி குடிக்கக் கூடும் ஓர் உணவகம். அதற்கு அப்பால் காடு, அல்லது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கோதுமை வயல். பெருநகரத்தில் ஒருவர் காணாமல் போனால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாமலே போகலாம். சிற்றூரில் அப்படி நடக்காது. யார் வீட்டில் விளக்கு எரியவில்லை என்பதுகூட மறுநாள் காலை எல்லோருக்கும் தெரியும். ஆகவே அங்கே நிலவும் மௌனத்துக்குக் காரணம் தேவைப்படுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது நம் பழமொழி. இந்த நாவல்களின் ஊர்களோ தம் வாயைத் தாமே மூடிக்கொள்கின்றன.

பொருளாதாரக் காரணமும் உண்டு. மெய்ன் மாநிலத்தின் காகித ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும், பென்சில்வேனியாவின் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, வெளியேற முடிந்தவர்கள் வெளியேறினார்கள். வேறு போக்கிடம் இல்லாதவர்களும், பரம்பரை வீட்டையும் நிலத்தையும் விட்டுப் போக மனமில்லாதவர்களும் தங்கிவிட்டார்கள். தீயது ஒன்று ஊருக்குள் இருப்பது தெரிந்தும் ஏன் ஒருவரும் கிளம்பிப் போகவில்லை என்று வாசகர் கேட்டால், அதற்கு நம்பத்தகுந்த விடை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இந்த மரபு எப்போது தொடங்கியது?

ஹட்சன் ஆற்றங்கரையின் டச்சுக் குடியிருப்பு ஒன்றில் தலையில்லாத குதிரைவீரன் உலவுவதாக வாஷிங்டன் இர்விங் எழுதிய ‘ஸ்லீப்பி ஹாலோ’ கதை 1820-இல் வெளிவந்தது. பள்ளி ஆசிரியர் ஒருவர் ஓர் இரவில் காணாமல் போகிறார்; அவரைக் கொண்டுபோனது பேயா, அல்லது அவர் விரும்பிய பெண்ணையே விரும்பிய முரட்டு இளைஞனா என்பதை இர்விங் நேராகச் சொல்வதில்லை. அமானுஷ்யமும் குற்றமும் ஒரே சம்பவத்துக்குப் போட்டி விளக்கங்களாக நிற்கும் அமைப்பு அப்போதே உருவாகிவிட்டது.

ஆனால் வேர் அதற்கும் முந்தையது. 1692-இல் மாசசூசெட்ஸின் சேலம் பகுதியில் சூனியக் குற்றச்சாட்டின் பேரில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். குற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ முன்வராத ஒரு முதியவர் கற்களைச் சுமத்தி நசுக்கிக் கொல்லப்பட்டார். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே இறந்தார்கள். அங்கே ஆவிகளே சாட்சியமாக ஏற்கப்பட்டன. இன்னாரின் உருவம் இரவில் வந்து தன்னைத் துன்புறுத்தியது என்று ஒருவர் சொன்னால், நீதிமன்றம் அதைக் குறித்துக்கொண்டது. பேய்க் கதையும் குற்ற வழக்கும் ஒரே ஆவணத்தில் கலந்த இடம் அது. அந்த நீதிபதிகளில் ஒருவரான ஜான் ஹாதார்னின் வழித்தோன்றல்தான் நாவலாசிரியர் நதானியேல் ஹாதார்ன். 1835-இல் அவர் எழுதிய ‘யங் குட்மன் பிரவுன்’ கதையில், காட்டுக்குள் நடக்கும் சாத்தானின் கூட்டத்துக்குப் போகும் இளைஞன், அங்கே தனக்கு வேதம் சொல்லிக் கொடுத்த மூதாட்டியையும் ஊரின் பெரியவர்களையும் தன் மனைவியையும் காண்கிறான். கண்டது கனவா நனவா என்று அவனுக்குக் கடைசிவரை தெரிவதில்லை. ஆனால் அதன் பிறகு அவனால் எவரையும் நம்பி வாழ முடிவதில்லை.

குற்றச்சாட்டுகள் முதலில் கிளம்பிய சேலம் கிராமம் இன்று அந்தப் பெயரில் இல்லை. 1752-இல் அது டான்வர்ஸ் ஆகிவிட்டது.

இரத்தக்காட்டேரி ஐரோப்பியக் கற்பனைதானே? அமெரிக்கச் சிற்றூருக்கு அது எப்படி வந்தது?

முழுக்க இறக்குமதி என்று சொல்லிவிட முடியாது. ரோட் தீவு மாநிலத்தின் எக்ஸிட்டர் என்ற வேளாண் ஊரில் 1880-களில் பிரவுன் என்பவரின் குடும்பத்தைக் காசநோய் தாக்கியது. தாயும் மூத்த மகளும் இறந்தார்கள். 1892 ஜனவரியில் மெர்சி என்ற 19 வயது மகளும் இறந்தாள். மகன் எட்வின் படுக்கையில் கிடந்தான். இறந்தவர்களில் ஒருவர்தான் உயிரோடு இருப்பவனை உறிஞ்சுகிறார் என்று அக்கம்பக்கத்தார் நம்பினார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் உடல்கள் வெளியே எடுக்கப்பட்டன. குளிர்காலத்தில் இறந்து இரண்டே மாதங்கள் ஆகியிருந்த மெர்சியின் உடல் கெடாமல் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் ஊர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. அவளுடைய இதயத்தை எரித்து, சாம்பலை நீரில் கலந்து அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதங்களுக்குள் அவனும் இறந்தான். காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். ஒரு பையனைக் காப்பாற்ற நினைத்த அண்டை வீட்டார். பின்னால் வந்த நாவலாசிரியர்கள் திரும்பத் திரும்பப் பற்றிக்கொண்டது இந்த அம்சத்தைத்தான்.

லவ்கிராஃப்டை இந்த வரிசையில் சேர்க்கலாமா? அவருடைய இனவெறியை என்ன செய்வது?

சேர்க்காமல் இருக்க முடியாது. ரோட் தீவின் பிராவிடன்ஸில் பிறந்து வாழ்ந்த திகில் எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937), ஆர்க்கம், டன்விச், இன்ஸ்மத் என்று கற்பனை ஊர்களைப் படைத்து, அவற்றுக்கு ஆறும் ரயில் பாதையும் பல்கலைக்கழகமும் அமைத்துக் கொடுத்தார். ஒரே ஆசிரியரின் பல கதைகள் ஒரே வரைபடத்தில் நடப்பது இந்த வகையின் வழக்கமானதற்கு அவர் முக்கியக் காரணம்.

அவர் நிலத்தை உற்றுப் பார்த்தவர். 1927-இல் வெளியான ‘விண்ணிலிருந்து வந்த நிறம்’ பற்றிய கதையில், விண்கல் விழுந்து பாழான பண்ணை ஒன்று விரைவில் நீர்த்தேக்கத்துக்கு அடியில் மூழ்கப் போகிறது. அந்த நீரை நகரத்து மக்கள் குடிக்கப் போகிறார்கள் என்பதில்தான் கதையின் அச்சம் முழுவதும் இருக்கிறது. அக்காலத்தில் நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களில் உண்மையிலேயே ஊர்கள் மூழ்கடிக்கப்பட்டன. பாஸ்டனுக்குக் குடிநீர் தரும் குவாபின் நீர்த்தேக்கத்துக்காக டேனா, என்ஃபீல்டு, கிரீனிச், பிரெஸ்காட் ஆகிய நான்கு ஊர்கள் 1938 ஏப்ரலில் சட்டப்படி கலைக்கப்பட்டன. 7,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. இப்படிப்பட்ட இடத்தில் பேய்க் கதை எழுதுபவர் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

இனவெறியைப் பொறுத்தவரை, அது அவருடைய கடிதங்களில் மட்டும் இருந்த குறை என்று ஒதுக்க முடியாது. இன்ஸ்மத் கதையின் திகிலே கலப்பு இரத்தத்தின் மீதான அருவருப்பின் மேல் கட்டப்பட்டது. அதை அறிந்தே படிப்பது நல்லது. அவருக்குப் பின் வந்தவர்கள், குறிப்பாகக் கறுப்பின எழுத்தாளர்களும் அமெரிக்கப் பூர்வகுடி எழுத்தாளர்களும், அந்த அச்சத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள்: வெளியாள் ஊருக்கு ஆபத்து என்பதை மாற்றி, ஊர்தான் வெளியாளுக்கு ஆபத்து என்று எழுதினார்கள்.

ஷர்லி ஜாக்சனின் ‘லாட்டரி’ கதையில் பேயே இல்லையே?

இல்லை. ஆனாலும் இந்த வகையின் மையம் அதுதான். ஒரு ஜூன் மாதக் காலையில் ஏறத்தாழ முந்நூறு பேர் கொண்ட ஊர் சதுக்கத்தில் கூடுகிறது, சீட்டு எடுக்கிறார்கள், சீட்டு விழுந்த பெண்ணைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். ஏன் என்று கதை சொல்வதில்லை. எப்போதும் நடப்பதுதான், அவ்வளவே. வெர்மான்ட் மாநிலத்தின் நார்த் பென்னிங்டனில் வாழ்ந்த ஜாக்சன் இதை 1948 ஜூன் 26 தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ இதழில் வெளியிட்டார். அந்தக் கோடையில் தமக்கு முந்நூற்றுச் சொச்சம் கடிதங்கள் வந்ததாகவும், அவற்றில் பதின்மூன்று மட்டுமே அன்பாகப் பேசியதாகவும், அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை என்றும் அவர் பின்னர் சொன்னார். இன்னும் விசித்திரமானது ஒன்று உண்டு: இந்தச் சீட்டுக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, நேரில் போய்ப் பார்க்கலாமா என்று சிலர் விசாரித்திருந்தார்கள். கதையைவிட அந்தக் கடிதங்கள்தான் என்னை அதிகம் அச்சுறுத்துகின்றன.

ஸ்டீபன் கிங் ஏன் எப்போதும் மெய்ன் மாநிலத்தையே எழுதுகிறார்? அந்த ஊர்கள் உண்மையில் உள்ளனவா?

அவர் 1947-இல் பிறந்ததும், வளர்ந்து படித்ததும், ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியதும் பெரும்பாலும் அங்கேதான். 1974-இல் வெளிவந்த ‘கேரி’ அவருடைய முதல் நாவல். மறுஆண்டு வந்த ‘சேலம்ஸ் லாட்’, பள்ளியில் ‘டிராகுலா’வைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தபோது தோன்றிய எண்ணத்தின் விளைவு: அந்த இரத்தக்காட்டேரிப் பிரபு இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றுக்கு வந்தால் என்ன ஆகும்? நாவல் தரும் விடை எளிமையானது, ஒன்றும் ஆகாது. கடை திறக்கவில்லை, தபால்காரர் வரவில்லை, பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள். ஒவ்வொருவரும் தம் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜெருசலேம்ஸ் லாட், காசில் ராக், டெர்ரி ஆகிய மூன்றும் கற்பனை ஊர்கள். இவற்றில் டெர்ரி, கிங் நெடுங்காலம் வாழ்ந்த பாங்கர் நகரத்தின் சாயலில் அமைந்தது. அங்குள்ள உயரமான நீர்த்தொட்டிக் கோபுரமும், கோடரியோடு நிற்கும் மரவெட்டி பால் பன்யனின் பெரிய சிலையும் 1986-இல் வெளிவந்த ‘இட்’ நாவலுக்குள் அப்படியே இடம்பெயர்ந்தன. இடங்கள் மட்டுமல்ல, ஒரு குற்றமும் இடம்பெயர்ந்தது. 1984 கோடையில் பாங்கரில், தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவே ஓர் இளைஞரை மூன்று பதின்வயதினர் பாலத்திலிருந்து ஓடைக்குள் தள்ளிக் கொன்றார்கள். நாவலின் தொடக்கப் பகுதிகளில் ஒன்று அந்தக் கொலையை ஏறக்குறைய அதே வடிவில் சொல்லி, பாலத்துக்கு அடியில் ஒரு கோமாளியை நிறுத்துகிறது. 27 ஆண்டுகளுக்கு ஒரு முறை விழித்துக் குழந்தைகளைத் தின்னும் அந்த உருவம்தான் கதையின் பேய். ஆனால் ஒரு பிள்ளை தெருவில் தாக்கப்படும்போது, பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடும் காட்சியில் கோமாளி தேவைப்படவே இல்லை.

உண்மையான குற்றங்கள் இந்த வகையை எவ்வளவு பாதித்தன?

இரண்டு வழக்குகளைச் சொன்னால் போதும்.

விஸ்கான்சின் மாநிலத்தின் பிளெய்ன்ஃபீல்டு ஊரில் 1957 நவம்பரில் கடை நடத்திய ஒரு பெண் காணாமல் போனார். தேடிச் சென்ற காவலர்கள் எட் கீன் என்ற தனியாள் ஒருவரின் பண்ணை வீட்டில் அந்தப் பெண்ணின் உடலையும், கல்லறைகளிலிருந்து திருடப்பட்ட உடல்களின் பகுதிகளையும் கண்டார்கள். அப்போது அதே மாநிலத்தில், அங்கிருந்து சற்றே தொலைவில் இருந்த வேயாவீகா என்ற ஊரில் வசித்த ராபர்ட் பிளாக், இளமையில் லவ்கிராஃப்டோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். வழக்கின் நுணுக்கங்களைவிட, எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் ஒருவன் இத்தனை காலம் ஐயத்துக்கு இடமின்றி வாழ முடிந்தது என்ற செய்தியே அவரைத் தூண்டியது. 1959-இல் வந்த ‘சைக்கோ’ அதன் விளைவு.

அதே 1959-இன் நவம்பரில் கன்சாஸ் மாநிலத்தின் ஹோல்கம் ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தின் நால்வர் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகள் இருவரும் வெளியூர்க்காரர்கள். ஆனால் டிசம்பர் 30 அன்று அவர்கள் பிடிபடும்வரை அது ஊருக்குத் தெரியாது. அந்த ஆறு வாரங்களில் பூட்டியே பழகாத கதவுகளுக்குப் பூட்டு வந்தது. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள். ட்ரூமன் கபோட்டி எழுதிய ‘இன் கோல்டு பிளட்’ அந்தச் சந்தேகத்தையும் கொலையளவுக்குப் பெரிதாகப் பதிவு செய்தது. அமானுஷ்யம் கடுகளவும் இல்லாத அந்த நூல், பேய்க் கதை எழுதுவோருக்கு ஒரு சிற்றூர் எப்படி அஞ்சும் என்பதைக் கற்றுக் கொடுத்தது.

துப்பறியும் கதையில் பேயை நுழைப்பது வாசகரை ஏமாற்றுவது ஆகாதா?

ஆகும் என்றே ஒரு காலத்தில் சட்டம் வகுத்தார்கள். பாதிரியாரும் துப்பறியும் கதை ஆசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் எழுதிய பத்து விதிகளில் இரண்டாவது, இயற்கைக்கு அப்பாற்பட்ட எதற்கும் இடமில்லை என்பது. காரணம் நியாயமானது: பூட்டிய அறைக்குள் பேய் நுழையலாம் என்றால், பூட்டிய அறைப் புதிருக்குப் பொருளே இல்லை.

நல்ல எழுத்தாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, பேயை விடையாக வைக்காமல் சிக்கலாக வைப்பது. கிங்கின் ‘தி அவுட்சைடர்’ (2018) நாவலில், ஓக்லஹோமா மாநிலத்தின் கற்பனை ஊர் ஒன்றில், சிறுவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சி தரும் மதிப்புக்குரிய ஒருவர் கொலைக் குற்றத்துக்காக ஊரே பார்க்கக் கைது செய்யப்படுகிறார். நேரில் கண்டவர்கள், கைரேகை, மரபணு எல்லாம் அவருக்கு எதிராக உள்ளன. அதே நேரத்தில் அவர் வேறொரு நகரில் இருந்ததற்கும் காணொளியும் கைரேகையும் உள்ளன. இரண்டு சான்றுகளும் மறுக்க முடியாதவை. காவல் அதிகாரியின் துன்பம் பேயைப் பார்ப்பதில் தொடங்கவில்லை. தன் தொழிலின் இலக்கணம் உடைவதில் தொடங்குகிறது. இந்தப் புத்தகத்தின் முதல் பாதி இரண்டாம் பாதியைவிட மிகச் சிறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உருவம் தெரிந்த பின் பேய் சுருங்கிவிடுகிறது. இந்த வகையின் தீராத நோய் இது.

1979-இல் வந்த ‘தி டெட் சோன்’ அளவில் சிறியது, செயலில் கூர்மையானது. (முடிச்சை அவிழ்ப்பதற்கு மன்னிக்கவும், விருப்பமில்லாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.) காசில் ராக்கில் தொடர் கொலைகள் நடக்கின்றன, தொட்டால் பிறரின் கடந்தகாலத்தை அறியும் ஒருவரின் உதவியை அங்குள்ள காவல் தலைவரான ஷெரிஃப் நாடுகிறார். கொலையாளி ஷெரிஃபின் கீழ் பணியாற்றும் காவலன். அதைவிட முக்கியமானது, அவன் தாய்க்கு அது தெரிந்தே இருந்தது என்பது. அமானுஷ்ய ஆற்றல் அங்கே கண்டுபிடித்தது, ஒரு வீட்டுக்குள் ஏற்கெனவே தெரிந்திருந்த ஒன்றைத்தான்.

அயர்லாந்துக்காரரான ஜான் கனலி, 1999 முதல் எழுதிவரும் சார்லி பார்க்கர் வரிசையில் இதே மெய்ன் மாநிலத்தையே களமாக்கிக்கொண்டார். மனைவியையும் மகளையும் கொலையில் இழந்த அந்தத் துப்பறிவாளர் காண்பது ஆவிகளையா, தன் துயரத்தையா என்பதை ஆரம்ப நூல்களில் வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

ஷெரிஃப், கவுண்டி, கொரோனர் என்றெல்லாம் வருகிறதே, யார் யாருக்கு மேல்?

கவுண்டி என்பதை ஏறத்தாழ நம் மாவட்டம் போலக் கருதலாம். நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் மேல் உள்ளன. பெரும்பாலான மாநிலங்களில் அதன் ஷெரிஃப் தேர்தலில் நின்று வாக்கு வாங்கி வருபவர். இந்த ஒரு செய்தி தெரியாவிட்டால் பாதிக் கதை விளங்காது: தமக்கு வாக்களித்தவர்களையே அவர் விசாரிக்க வேண்டும், மறுபடியும் அவர்களிடமே வாக்குக் கேட்டுப் போக வேண்டும். மரணத்தின் காரணத்தை அறிவிக்கும் கொரோனரும் பல கவுண்டிகளில் தேர்ந்தெடுக்கப்படுபவரே. மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் கிடையாது. சிற்றூரில் நடந்த கொலை ‘விபத்து’ என்று பதிவாவது கதையில் எளிதாக நடப்பதற்கு இதுவும் காரணம். மெய்ன் இதற்கு விலக்கு. அங்கே போர்ட்லந்து, பாங்கர் ஆகிய இரு நகரங்கள் தவிர மற்ற இடங்களில் கொலை விசாரணை மாநிலக் காவல்துறையின் பொறுப்பு. ஆகவே அங்கே வெளியூர் அதிகாரி வந்து இறங்குவதும், உள்ளூர்க்காரர்கள் அவரிடம் வாய் திறக்க மறுப்பதும் கதைக்காகச் சேர்த்தவை அல்ல.

பூர்வகுடிகளின் இடுகாட்டின் மேல் கட்டிய வீடு என்ற உத்தி ஏன் இத்தனை கதைகளில் வருகிறது?

தேய்ந்துபோன உத்திதான்; ஆனால் அது எதை மறைக்கிறது என்று பார்த்தால் சுவையானது. கிங்கின் ‘பெட் செமட்டரி’ (1983), அவர் குடும்பத்தோடு ஓரிங்டன் என்ற ஊரில் லாரிகள் விரையும் சாலையோரம் வாடகைக்கு இருந்தபோது உருவானது. சாலையில் அடிபட்ட வளர்ப்பு விலங்குகளுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அமைத்திருந்த சிறு இடுகாடு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அவருடைய மகளின் பூனையும் அங்கே புதைக்கப்பட்டது. நாவலில் அதற்கும் அப்பால், மிக்மாக் என்ற பூர்வகுடி மக்கள் கைவிட்ட ஒரு நிலம் வருகிறது. அங்கே புதைத்தவை திரும்பி வருகின்றன. அந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடப்பதாக ஒரு பாத்திரம் போகிற போக்கில் சொல்கிறது. அது வெறும் அலங்காரம் அன்று. 1970-களில் மெய்ன் மாநிலத்தின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் தங்களுடையது என்று பாசமக்குவாடி, பெனோப்ஸ்காட் பூர்வகுடி மக்கள் உரிமை கோரினார்கள், 1980-இல் 8.15 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. வீட்டுப் பத்திரம் செல்லுமா என்று நடுத்தர வர்க்கம் உண்மையிலேயே கவலைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பேய் எழுந்தது.

பூர்வகுடிகளை வெறும் சாபமாகச் சுருக்கிவிடுகிறது என்பது இந்த உத்தியின் மீதான நியாயமான குற்றச்சாட்டு. பிளாக்ஃபீட் இனத்தவரான ஸ்டீபன் கிரஹாம் ஜோன்ஸ் தம் ‘மை ஹார்ட் இஸ் எ செயின்சா’ (2021) நாவலில் அதற்கு விடை தருகிறார். ஐடஹோவின் ஏரிக்கரை ஊர் ஒன்றில், எதிர்க்கரையில் செல்வந்தர்கள் மாளிகை கட்டுகிறார்கள். நடக்கப் போவதைக் கணிக்கும் ஒரே ஆள், திகில் படங்களையே வேதமாகப் படித்த, யாரும் பொருட்படுத்தாத ஒரு பூர்வகுடிப் பெண்.

இந்த ஊர்களுக்குப் போய்ப் பார்க்க முடியுமா?

சிலவற்றுக்கு முடியும். நியூயார்க் மாநிலத்தின் நார்த் டாரிடவுன், 1996-இல் தன் பெயரையே ஸ்லீப்பி ஹாலோ என்று மாற்றிக்கொண்டது. அங்கிருந்த கார்த் தொழிற்சாலை மூடப்பட்டதும் அதே ஆண்டில்தான். பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியாவில் 1962 முதல் நிலத்தடி நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறது; ஆயிரத்துக்கும் மேல் வாழ்ந்த அந்த ஊரில் இப்போது சிலரே எஞ்சியுள்ளார்கள். அங்கே நிலம் பாதுகாப்பானது அன்று.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

‘லாட்டரி’ கதையிலிருந்து; அரை மணி நேரம் போதும். பிறகு ‘சேலம்ஸ் லாட்’. நீளத்துக்கு அஞ்சாதவர்கள் ‘இட்’ படிக்கலாம், ஆனால் அது ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். குழந்தைகள் மீதான வன்முறை மிகுந்திருப்பதால் பள்ளி மாணவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வட மாநிலங்களின் பனியும் காடும் சலித்துவிட்டால் தெற்கே போகலாம். அலபாமாவைச் சேர்ந்த மைக்கேல் மெக்டவல் 1983-இல் மாதம் ஒன்றாக ஆறு சிறு நூல்களில் வெளியிட்ட ‘பிளாக்வாட்டர்’, 1919-இல் வெள்ளத்தில் மூழ்கிய ஒரு மர வணிக ஊரின் விடுதி மாடியில் தனியாக ஒரு பெண் கண்டெடுக்கப்படுவதில் தொடங்குகிறது. அவள் ஊரின் செல்வக் குடும்பத்துக்குள் மருமகளாக நுழைகிறாள். அவள் மனிதப் பிறவி இல்லை என்பது வாசகருக்கு விரைவிலேயே தெரிந்துவிடும்; மாமியாருக்கும் அவளுக்கும் நடக்கும் பனிப்போரில் ஆற்றில் வாழும் அந்தப் பிறவியைவிட மாமியாருக்கே நாம் அதிகம் அஞ்சுகிறோம். எழுதிய காலத்தில் மலிவுப் பதிப்பாக வந்து மறக்கப்பட்ட அந்த வரிசை, 2022-இல் பிரெஞ்சு மொழியாக்கத்தில் பெருவெற்றி கண்டது. முதல் நூலை மட்டும் வாங்கிப் பாருங்கள். மற்ற ஐந்தும் தானே வந்து சேரும்.